வருமுன் காக்கும் மருந்து

மருந்து நோயுற்றார்க்கே உரியது என்பது உலகம் ஒப்பிய வழக்கு. திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்குமிடத்து, முதற்கண் வைத்தது நோயாளியையே. அவனை அவர் ‘உற்றவன்’ என்றார். நோயில்லாதான் மருத்துவனை நாடான் என்னும் இவ்வுலகியலையே நம் ஆண்டவரும் தம் உபதேசத்தில் எடுத்தாண்டனர். இங்ஙனமிருக்க, இற்றை நாளில் புதியதொரு நிலை தோன்றியுள்ளது. உண்பதிலும் உறங்குவதிலும் உழைப்பதிலும் யாதொரு குறையுமில்லாத ஒருவர் மருத்துவரிடம் செல்கின்றார். மருத்துவர் அவர்தம் வயதைக் கேட்டும், இரத்த அழுத்தத்தை அளந்தும், குருதியிலுள்ள கொழுப்பைச் சோதித்தும், “இன்று முதல் நாள்தோறும் ஒரு மாத்திரை உட்கொள்ளுங்கள்” என்கின்றார். எந்நோய்க்கு? வந்த நோய்க்கன்று, வரக்கூடிய மாரடைப்புக்கு. உறாதவனுக்கு மருந்து கொடுத்தல் தகுமா? தகுமெனின், யாருக்கு, எப்பொழுது தகும்? இவ்வினாவையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம். யாம் மருத்துவம் பயின்றோமல்லேம். ஆயினும் எல்லார்க்கும் பொதுவாகிய உயிரைப் பற்றிய இவ்வாராய்ச்சி மருத்துவர்க்கு மட்டுமே உரியதன்று என்பது எமது துணிபு.

இவ்வினா அயல்நாட்டார்க்கே உரியதென எண்ணற்க. கோவளம் முதல் மாமல்லபுரம், கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம் என நீண்டு கிடக்கும் நம் செங்கற்பட்டு மாவட்டத்துக் கடற்கரையூர்களில் இது வாயிற்படிக்கே வந்து நிற்கின்றது. 2021 ஆம் ஆண்டு ஆகஸ்டு 5 ஆம் நாள் தமிழக அரசினர் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தின்படி, பெண் தன்னார்வலர் வீடுதோறும் சென்று இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளந்து, நோயுடையார்க்கு வேண்டும் மாத்திரைகளை இல்லத்திற்கே கொணர்ந்து கொடுக்கலாயினர். வலை செப்பனிடும் மீனவரும், உளி பிடிக்கும் சிற்பியரும் தம் இரத்த அழுத்தம் இவ்வளவென அறியும் காலம் வந்துவிட்டது. அறிந்த அவ்வெண்ணைக் கொண்டு செய்யத்தக்கது யாதெனத் தெளிதலே எஞ்சியுள்ளது.

முதற்கண் நோயின் இயல்பைக் காண்போம். இருதயம் உடலின் உறுப்புகளுக்கெல்லாம் குருதியை ஊட்டுவது. ஆயினும் தன் தசைக்கு வேண்டிய குருதியைத் தன் புறத்தே படர்ந்த சிறு நாடிகளின் வாயிலாகவே அது பெறுகின்றது. குருதியில் மிதந்து வரும் கொலஸ்டிரால் என்னும் கொழுப்பு, சிறப்பாக எல்.டி.எல். எனப்படும் வகை, இந்நாடிகளின் உட்சுவரில் சிறிது சிறிதாகப் புகுந்து படிகின்றது. படிதல் இளமையிலேயே தொடங்குவதுண்டு. பல்லாண்டுகள் வரை நோவு ஒன்றும் தோன்றுவதில்லை. பின்னர் ஒருநாள் அப்படிவின் மேற்போர்வை கிழிகின்றது. கிழிந்தவிடத்துக் குருதி உறைந்து கட்டியாகி நாடியை அடைக்கின்றது. அதற்கப்பாலுள்ள தசை குருதியின்றி மடியத் தொடங்குகின்றது. இதுவே மாரடைப்பு. இந்நோயில் முதற்குறியே இறுதிக்குறியாய் முடிதலும் உண்டு. ஆதலின், ‘நோய் தோன்றட்டும், பின்னர் மருந்துண்போம்’ என்னும் கொள்கை இதனிடத்துச் செல்லாது. அற்றேல், யாருக்கு வரும், யாருக்கு வாராது என முன்னரே அறிய வழியுண்டோ எனின், தனியொருவரைக் குறித்து உறுதியாக அறிய வழியில்லை. ஒத்த இயல்புடைய ஒரு கூட்டத்தாரைக் குறித்து அறிய வழியுண்டு.

அவ்வழியை உலகிற்குக் காட்டியது அமெரிக்க நாட்டின் மாசச்சூசெட்ஸ் மாகாணத்திலுள்ள பிராமிங்ஹாம் என்னும் சிற்றூர். 1948 ஆம் ஆண்டில் அவ்வூரின் ஆடவரும் மகளிருமாகிய 5,209 பேரைத் தெரிந்தெடுத்து, அவர்தம் உடல்நிலையையும் பழக்கவழக்கங்களையும் பதிவுசெய்து, இரண்டாண்டுக்கொரு முறை மீண்டும் மீண்டும் சோதித்து வந்தனர். யாருக்கு மாரடைப்பு நேர்ந்தது, யாருக்கு நேரவில்லை என்பதைப் பழைய பதிவுகளோடு ஒப்புநோக்கியபொழுது உண்மை வெளிப்படலாயிற்று. உயர்ந்த இரத்த அழுத்தமும், மிகுந்த கொலஸ்டிராலும், புகைபிடித்தலும், நீரிழிவும் நோய்க்கு முன்னோடிகளாய் நின்றன. வயது ஏறுந்தோறும் இடரும் ஏறிற்று. நடுவயதில் ஆடவர்க்கு மகளிரினும் மிகுதியாயிருந்தது. 1961 இல் அவ்வாராய்ச்சியாளர் வெளியிட்ட கட்டுரைக்குப் பின்னரே, இவற்றை ‘இடர்க்காரணிகள்’ என்னும் பொருள்பட வழங்கும் வழக்கம் எங்கும் பரவிற்று.

இக்காரணிகள் தனித்தனியே நின்று தீங்கு செய்வதினும் ஒன்றோடொன்று கூடிச் செய்யும் தீங்கு பெரிது. ஒரே அளவு கொலஸ்டிரால் உடைய இருவரைக் கருதுக. ஒருவர் 42 வயதுடைய பெண், புகையிலையைத் தொடாதவர், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் செவ்வையாயுள்ளன. மற்றவர் 62 வயதுடைய ஆடவர், பீடி பிடிப்பவர், அழுத்தமும் சர்க்கரையும் மிகுந்தவர். சோதனைத்தாளில் கொலஸ்டிராலுக்கு நேரே இருவர்க்கும் ஒரே எண் காணப்படினும், முன்னவர்க்குள்ள இடர் சிறிது. பின்னவர்க்குள்ள இடர் அதனினும் பன்மடங்கு. ‘எனக்குக் கொழுப்பு இவ்வளவு, மாத்திரை வேண்டுமா?’ என்று அவ்வெண் ஒன்றையே பிடித்துக்கொண்டு கேட்பது, தூணொன்றை மட்டும் நோக்கி மண்டபத்தின் உறுதியைக் கூறப் புகுவதனை ஒக்கும்.

எல்லாக் காரணிகளையும் ஒருங்குவைத்து எண்ணுதற்கென்றே கணக்குகள் வகுக்கப்பட்டுள்ளன. உலக சுகாதார நிறுவனத்தார் 2019 இல் உலகை 21 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிற்கும் தனித்தனி அட்டவணை வெளியிட்டனர். 40 முதல் 74 வயது வரையுள்ளார்க்கு அடுத்த 10 ஆண்டுகளில் மாரடைப்போ பக்கவாதமோ நேரக்கூடிய இடர் நூற்றுக்கு எத்தனை என்பதை அது காட்டும். வயது, ஆண் பெண் என்னும் வேறுபாடு, புகைபிடித்தல், இரத்த அழுத்தம், நீரிழிவு, கொலஸ்டிரால் ஆகியவற்றிற்கு ஏற்ற கட்டத்தைக் கண்டு எண்ணைப் படித்துக்கொள்ளலாம். நூற்றுக்கு 5 இற்குக் குறைந்தால் பச்சை, பின்னர் மஞ்சள், 10 முதல் செம்மஞ்சள், 20 முதல் சிவப்பு, 30 இற்கு மேற்பட்டால் கருஞ்சிவப்பு. குருதியைச் சோதிக்க வசதியில்லாத ஊர்களுக்கு, கொலஸ்டிராலுக்கும் நீரிழிவுக்கும் மாறாக உடலின் எடையையும் உயரத்தையும் கொண்டு கணிக்கும் வேறோர் அட்டவணையும் உண்டு. ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவரில் ஒட்டி வைக்கத்தக்க ஒரு தாளில் இத்துணை அறிவும் அடங்கியுள்ளமை வியக்கத்தக்கதன்றோ!

இனி மருந்தின் வரலாற்றைக் கூறுவோம். சப்பானிய அறிஞர் அக்கிரா எண்டோ என்பார், கொலஸ்டிராலை உடல் ஆக்கும் தொழிலைத் தடுக்கவல்ல பொருளொன்று பூஞ்சைகளில் இருத்தல் கூடும் எனக் கருதி, ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்தார். 1973 இல் அவர் தேடியது கிடைத்தது. கியோட்டோ நகரத்துத் தானியக் கடையொன்றிலிருந்து பெற்ற அரிசியில் வளர்ந்த நீலப்பச்சைப் பூஞ்சையே அதனைத் தந்தது. ஸ்டாட்டின் என்னும் மருந்தினத்திற்கு அதுவே மூலம். கல்லீரல் கொலஸ்டிராலை ஆக்குதற்கு இன்றியமையாத ஒரு நொதியை இம்மருந்து தடுக்கின்றது. தடைப்பட்ட கல்லீரல் தனக்கு வேண்டியதைக் குருதியிலிருந்தே மிகுதியாக இழுத்துக்கொள்கின்றது. ஆகவே குருதியில் எல்.டி.எல். குறைகின்றது. 1987 இல் இவ்வினத்து முதல் மருந்தாகிய லோவாஸ்டாட்டின் அமெரிக்காவில் விற்பனைக்கு ஒப்புதல் பெற்றது.

கொழுப்புக் குறைதல் வேறு, உயிர் காக்கப்படுதல் வேறு. பின்னதை மெய்ப்பிக்க வேண்டிப் பெரிய சோதனைகள் நடைபெற்றன. முன்னரே இருதய நோயுற்ற ஸ்காண்டிநேவிய நாட்டினர் 4,444 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 1994 இல் வெளியாயிற்று. அவருள் ஏறக்குறையப் பாதிப்பேர் சிம்வாஸ்டாட்டின் உண்டனர். மற்றையோர் மருந்தில்லா மாத்திரை உண்டனர். ஐந்தாண்டிற்குச் சற்று மிகுந்த காலத்தில் மருந்துண்டோரில் 182 பேரும் மற்றையோரில் 256 பேரும் இறந்தனர். ஆகவே, ஒருமுறை மாரடைப்பு உற்றவர்க்கு இம்மருந்து வேண்டும் என்பதில் ஐயமில்லை; அவரிடத்துக் கணக்கும் வேண்டா, அட்டவணையும் வேண்டா. அவர் ‘உற்றவர்’.

உறாதவர் நிலை யாது? மேற்கு ஸ்காட்லாந்தில் நடந்து 1995 இல் முடிவு வெளியான சோதனை இதற்கு விடை பகர்ந்தது. கொலஸ்டிரால் மிகுந்தும் மாரடைப்பு உறாத நடுவயது ஆடவர் 6,595 பேர் அதிற் சேர்ந்தனர். ஏறக்குறைய ஐந்தாண்டுகளில், மருந்துண்ணாதாருள் நூற்றுக்கு 7.9 பேர் மாரடைப்புற்றனர் அல்லது இருதய நோயால் மாண்டனர். பிரவாஸ்டாட்டின் உண்டாருள் அத்தொகை 5.5 ஆகக் குறைந்தது. ‘இடர் நூற்றுக்கு 31 பங்கு குறைந்தது’ என்று இதனைக் கூறலாம். ‘நூறு பேர் ஐந்தாண்டு மருந்துண்டதனால் இரண்டு அல்லது மூன்று பேர் காக்கப்பட்டனர்’ என்றும் கூறலாம். இரண்டும் மெய்யே. ஆயினும் முன்னதைக் கேட்டவர் மருந்தைப் பெரிதாகவும், பின்னதைக் கேட்டவர் சிறிதாகவும் மதிப்பர். எஞ்சியோருள் பெரும்பாலோர் மருந்தின்றியும் அவ்வைந்தாண்டு நலமாகவே இருந்திருப்பர். சிலர் மருந்துண்டும் நோயுற்றனர். காக்கப்பட்டவர் இன்னார் என்பதை அவரும் அறியார், மருத்துவரும் அறியார்.

ஈண்டே இவ்வாராய்ச்சியின் நடுநாடி உள்ளது. மருந்து இடரை ஏறக்குறைய ஒரே விகிதத்தில் குறைக்கின்றது. ஆனால் அவ்விகிதம் எதன்மேற் செயற்படுகின்றது என்பதே பயனை அறுதியிடுகின்றது. நான்கில் ஒரு பங்கு குறைக்கும் எனக் கொள்வோம். பத்தாண்டில் நூற்றுக்கு 20 பேர் நோயுறக்கூடிய கூட்டத்தில் அது 5 பேரைக் காக்கும்; 4 பேர் மட்டுமே நோயுறக்கூடிய கூட்டத்தில் ஒருவரையே காக்கும். மாத்திரை அதுவே, விலை அதுவே, நாள்தோறும் விழுங்கும் தொல்லையும் அதுவே; பயன் மட்டும் ஐந்து மடங்கு வேறுபடும். ஆதலின் இடரை முன்னர் அளந்து, மருந்தைப் பின்னர் எண்ணுதலே முறை.

இதனைக் கடற்கரை மாந்தர்க்கு விளக்க வேறு உவமை வேண்டா. 2022 டிசம்பர் 9 ஆம் நாளிரவு ‘மாண்டஸ்’ என்னும் புயல் மாமல்லபுரத்தருகே கரையைக் கடந்தது. கடலுக்குச் செல்லற்க என்று முன்னரே அறிவிப்பு வந்திருந்தது. அறிவிப்பு வந்த நாளெல்லாம் சென்ற படகெல்லாம் கவிழும் என்பதன்று, பெரும்பாலன தப்பவுங்கூடும். சில நாள் புயல் திசைமாறிப் போதலும் உண்டு. அந்நாளின் கூலி வீணே போயிற்றென்று வருந்துவாரும் உண்டு. எனினும், கவிழும் படகு எதுவென்று முன்னர் அறியவொண்ணாமையின் எல்லாரும் கரையிலிருத்தல் அறிவுடைமையாயிற்று. அதுபோலவே, சிறு காற்றுக்கெல்லாம் கடலை மூடிவிட்டால் மீனவர் வாழ்தல் இயலாது. எவ்வளவு காற்றுக்குக் கொடியேற்றுவது என்னும் எல்லையை மாந்தரே வகுக்கின்றனர். மருந்திற்கும் அங்ஙனமே.

அவ்வெல்லை நாட்டுக்கு நாடு வேறுபடுதலை நோக்குக. இங்கிலாந்தில் 2014 ஆம் ஆண்டு வரை பத்தாண்டு இடர் நூற்றுக்கு 20 ஆனால்தான் ஸ்டாட்டின் கொடுக்கலாம் என்றிருந்தது. அவ்வாண்டில் அதனை 10 ஆகக் குறைத்தனர். அமெரிக்க இருதய மருத்துவர் 2013 இல் வகுத்த நெறியில் எல்லை 7.5. பொருள்வளம் குறைந்த நாடுகளை உளங்கொண்டு உலக சுகாதார நிறுவனம் வகுத்த நெறியில் அது 20. மேலும், 2023 இல் அமெரிக்க இருதயச் சங்கத்தார் புதியதொரு கணக்கை வெளியிட்டபொழுது, பழைய கணக்கில் எல்லைக்கு மேலிருந்த பலர் கீழே இறங்கினர். அவர்தம் நாடிகளில் ஓரிரவில் மாற்றம் ஒன்றும் நேர்ந்திலது; கணக்கே மாறிற்று. எனவே எல்லைக்கோட்டைக் கல்லில் வெட்டிய எழுத்தாகக் கொள்ளாமல், உசாவுதற்குரிய தொடக்கமாகக் கொள்ளுதலே தக்கது. எல்.டி.எல். ஒரு டெசிலிட்டருக்கு 190 மில்லிகிராமும் அதற்கு மேலும் உடையார்க்கும், நீரிழிவுடைய நடுவயதினர் பெரும்பாலார்க்கும் கணக்கை எதிர்நோக்காமலே மருந்து தருவர். ஐயமெல்லாம் இடைநின்றோரைப் பற்றியதே.

நம்மவரைப் பொறுத்தமட்டில் பிறிதோர் ஐயமும் உண்டு. 52 நாடுகளில் நடத்தப்பெற்று 2004 இல் வெளியான ‘இண்டர்ஹார்ட்’ என்னும் ஆராய்ச்சி, தெற்காசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு பிற நாட்டாரினும் ஏறக்குறைய ஆறாண்டு முன்னரே, 53 வயதளவில், நேர்கின்றது எனக் காட்டிற்று. கணக்குகளிலோ வயதே பெருந்தூணாய் நிற்கின்றது. ஆகவே இளையோர்க்கு விடை எப்பொழுதும் சிறிய எண்ணாகவே வரும். மேலும், 2013 இன் அமெரிக்கக் கணக்கு வெள்ளையர், கறுப்பர் என்னும் இருவகுப்பாரின் பதிவுகளிலிருந்து எழுந்தது. நம்மவர்க்கு அதில் இடமில்லை. 2018 இல் அந்நாட்டு நெறியாளரே, தெற்காசிய மரபினராயிருத்தலை இடரை மிகுவிக்கும் குறியாக ஏற்றனர். எனவே நம் நாட்டு மருத்துவர் அட்டவணையோடு அமையாது, தந்தைக்கோ உடன்பிறந்தார்க்கோ இளவயதில் மாரடைப்பு உண்டா, இடுப்பின் சுற்றளவு எவ்வளவு, பெண்டிராயின் பேறுகாலத்தில் இரத்த அழுத்தம் மிகுந்ததுண்டா என்பவற்றையும் உசாவுதல் வேண்டும். பச்சைக் கட்டத்தில் நின்ற ஒருவன் நாள்தோறும் புகைபிடிப்பானாயின், அப்பச்சை அவனுக்கு அபயம் அளித்ததாகாது.

மருந்தினால் தீங்கில்லையோ எனின், உண்டு. அதனையும் அளந்தே கூறல் வேண்டும். தசைநோவு என்பதே பலர் கூறும் குறை. இங்கிலாந்தில் நடந்த நுட்பமானதொரு சோதனையின் முடிவு 2020 இல் வெளியாயிற்று. நோவு தாளாமல் ஸ்டாட்டினை விட்டவர் 60 பேருக்கு, சில மாதம் மருந்தும், சில மாதம் மருந்தில்லா மாத்திரையும், சில மாதம் ஒன்றுமின்றியும் மாற்றி மாற்றிக் கொடுத்தனர். மருந்தின்போது தோன்றிய துன்பத்தில் பத்தில் ஒன்பது பங்கு, மருந்தில்லா மாத்திரையின்போதும் தோன்றிற்று. அவர் பட்ட துன்பம் பொய்யன்று; அதன் காரணம் பெரும்பாலும் மருந்தன்று என்பதே இதன் பொருள். எனினும் மெய்யாகவே தசை சிதைதல் மிக அருமையாக நேர்வதுண்டு. நீரிழிவு தோன்றும் வாய்ப்பும் சிறிதளவு மிகும். கருவுற்ற மகளிர்க்கு இம்மருந்தைப் பொதுவாகத் தவிர்ப்பர். இடர் மிகுந்தோர்க்கு இத்தீங்குகள் பயனை நோக்கச் சிறியன. இடர் மிகக் குறைந்தோர்க்கு அங்ஙனம் துணிந்து கூறலாகாது. மேலும், மாத்திரை உண்கின்றோம் என்னும் துணிவினால் பீடியையும் உப்பு மிகுந்த உணவையும் விடாதிருப்பவன், ஒரு கையால் அணை கட்டி மறுகையால் கரையை உடைப்பவனாவான்.

நிற்க. 2023 ஆம் ஆண்டில் தமிழக அரசினர் ‘இதயம் காப்போம்’ என்னும் திட்டத்தைத் தொடங்கினர். அதன்படி, நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு வருவோர்க்கு, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புமுன்னர், ஆஸ்பிரின் 2, கிளோபிடோகிரெல் 4, அட்டார்வாஸ்டாட்டின் 8, ஆக 14 மாத்திரைகள் ஒருங்கே கொடுக்கப்படுகின்றன. இறுதியிற் கூறிய எட்டும் ஸ்டாட்டின் இனத்தனவே. மாமல்லபுரத்திலிருந்து செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவு. நள்ளிரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரும் ஒருவர்க்கு அத்தொலைவைக் கடக்குமுன் இம்மாத்திரைகள் கிடைத்தல் பெரும்பேறே. இது போற்றத்தக்கது. ஆயின் ஒன்று சிந்திக்கற்பாலது. அந்த எட்டு மாத்திரைகளும் அவர் வீட்டிற்கு மிக அண்மையிலேயே இருந்தன. பத்தாண்டுகட்கு முன்னர் அவர்தம் இடரை எவரேனும் அளந்து, அளந்ததை அவர்க்கு விளங்கக் கூறியிருப்பின், அவற்றுள் ஒன்றை நாள்தோறும் உட்கொண்டு, அந்நள்ளிரவு தமக்கு வாராமலே காத்திருக்கவுங்கூடும். நமக்குக் குறைவாயிருப்பது மாத்திரையன்று; அளத்தலும் சொல்லுதலுமே.

சொல்லுதல் என்னுமிடத்துத் தமிழ் பயில்வார்க்கும் ஒரு கடன் உண்டு. மருத்துவர், “உங்களுக்கு அபாயம் இருக்கிறது” என்றால், கேட்பவர் தாம் நோயாளியாகிவிட்டதாகவே அஞ்சுவர்; அன்றி, “பன்னிரண்டு சதவீதம்” என்றால், பரீட்சையில் தவறிய மதிப்பெண் போலக் கருதி நகைத்துப் போவர். “உம்மைப் போன்றோர் நூறு பேரை நிறுத்தினால், பத்தாண்டில் பன்னிருவர்க்கு மாரடைப்போ பக்கவாதமோ வரும், எண்பத்தெண்மர்க்கு வாராது. எல்லாரும் இம்மாத்திரையை உண்டால் பன்னிருவர் ஒன்பதின்மர் ஆவர். புகையை விட்டால் இன்னும் குறைவர். நீர் என் செய்ய விரும்புகின்றீர்?” என்றால், எழுத்தறியாத மூதாட்டியும் தெளிந்து விடையளிப்பார். இஃது அச்சுறுத்தலுமன்று, ஆசைகாட்டலுமன்று. மெய்யை எண்ணி முன்வைத்தல். கேட்டபின், ‘வேண்டாம்’ எனினும் அது அவர்தம் உரிமையே. ஆனால் கேட்கப்பெறாமலே விடப்படுதல் அறமாகாது.

ஆகவே, உறாதவனுக்கு மருந்து தகுமா என்னும் வினாவிற்கு யாம் கண்ட விடை இது: இடர் பெரிதாயின் தகும், சிறிதாயின் வேண்டா, இடைப்பட்டதாயின், அளந்து உரைத்த மருத்துவனும் கேட்டுத் தெளிந்த மனிதனும் கூடித் துணிதல் வேண்டும். நம் கல்லூரியினின்று மருத்துவத்துறைக்குச் சென்ற பழைய மாணவர் தம் நோயாளிகளிடம் இவ்வெண்ணிக்கையைத் தாய்மொழியில் எடுத்துரைப்பாராக. உடன்பயிலும் நண்பர்காள்! அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும்பொழுது, நாற்பது கடந்த பெற்றோரையும் அத்தை மாமன்மாரையும் ஒருமுறை சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் சென்று, கொழுப்பு இவ்வளவென்னும் ஓர் எண்ணோடு திரும்பாமல், “பத்தாண்டில் இவர்க்குள்ள இடர் நூற்றுக்கு எத்தனை?” என்று கேட்டு வாருங்கள்.